கணப்பின் புகையும் காலம் கடந்த வருகையும்

இலண்டன் மாநகரில் பனிக்காலம் தொடங்கிவிட்டால், ஒரே துயரத்தைப் பல முகங்களில் காண்பது என் போன்ற வைத்தியருக்கு வருடாந்தர அனுபவமாகிவிட்டது. மூன்று வாரமாக இருமிய பிள்ளையை, மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவெலும்புகளின் இடையே தோல் குழிவிழத் தொடங்கிய பிறகே தூக்கிக்கொண்டு வருகிற தாய், "சும்மா தடிமன்தான் என்று நினைத்தோம், டொக்டர்" என்கிறாள். வீட்டில் கணப்பு உண்டா என்று வினவினால், 2022-ல் எரிவாயுக் கட்டணம் ஏறியதிலிருந்து விறகுதான் மூட்டுகிறோம் என்ற விடை வருகிறது. அந்த விடையை அடிக்கடி கேட்க நேர்வதே இதனை எழுதக் காரணம்.

சட்டம் எதுவரை காக்கும்?

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இந்நகரை மூடிய நச்சுப் புகைமூட்டத்தில் சுமார் 4,000 பேர் மாண்டதாக அன்று கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வாளர் அத்தொகையை 12,000 வரை உயர்த்தினர். அத்துயரத்தின் விளைவாகப் பிறந்ததே 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம். இன்று இலண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டு வட்டாரமாகும்: அங்கே திறந்த கணப்பில் விறகு எரிக்கலாகாது, சர்க்கார் அங்கீகரித்த மூடிய அடுப்பில் எரிக்கலாம், புகைபோக்கி புகை கக்கினால் 300 பவுண்டு வரை அபராதம். சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மிகலாகாது என்ற விதியும் 2021 மே முதல் இங்கிலாந்தில் அமலில் உள்ளது. ஆயினும், தூய காற்றுச் சட்டம் கூரைக்கு மேலே எழும் புகையைத்தான் பார்க்கும். விறகு தள்ள அடுப்பின் கதவைத் திறக்கும்போதெல்லாம் அறைக்குள் பரவுவதை அது பார்ப்பதில்லை.

ஒழிய வேண்டிய நம்பிக்கைகள்

"விறகு இயற்கையானது, ஊரில் அம்மம்மா அதில்தானே சமைத்தா?" என்பார்கள். அந்த அம்மம்மா விடியற்காலையில் இருமிய இருமலை மட்டும் மறந்துவிடுகிறார்கள். புகையிலையைத் தொட்டறியாத எத்தனையோ பெண்களின் நுரையீரலை அடுப்புப் புகையே பாழாக்கியிருக்கிறது.

"புகை தெரியவில்லையே" என்பது மற்றொரு சமாதானம். 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துகள்கள் கண்ணுக்குப் புலப்படாமலே நுரையீரலின் அடியாழத்தை எட்டிவிடும். பழைய தளபாடங்களை உடைத்து எரிப்பதோ, பூச்சிலும் பதப்படுத்திய மருந்திலும் உள்ள நஞ்சையும் சேர்த்துச் சுவாசிப்பதாகும்.

எல்லாவற்றிலும் கொடியது, விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி, ஆக்ஸிஜன் 98 சதவீதம் காட்டுகிறது என்று நிம்மதியடைவது. அடுப்பிலிருந்து கசியும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு கலந்த இரத்தத்தையும் நல்ல இரத்தமென்றே அக்கருவி காட்டிவிடும். வீட்டிலுள்ள பலருக்கும் ஒருங்கே தலைவலி, குமட்டல், மயக்கம் தோன்றி, வெளியே சென்றதும் தணியுமானால், அது தடிமன் அன்று. அடுப்பை அணைத்து, வெளியே வந்து, அவசர உதவியை அழையுங்கள்.

கைவைத்தியத்தின் விபரீதம்

இழுப்புள்ள பிள்ளையின் அருகே சாம்பிராணி போடுவது புகைக்குப் புகையைச் சேர்ப்பது. வேது பிடிக்க வைத்த கொதிநீர் கவிழ்ந்து, தொடை வெந்து வந்த குழந்தைகளைக் கண்டு கண்டு என் பொறுமையே தீர்ந்துவிட்டது. இழுப்புக்குத் தரும் பம்ப் (இன்ஹேலர்) பழகிவிடும் என்று அஞ்சி அதை ஒளித்துவைப்பவர்கள், ஊரிலிருந்து வந்த பெயரறியாத மாத்திரையை மாத்திரம் அச்சமின்றிக் கொடுக்கிறார்களே! தயவுசெய்து இவற்றை விட்டுவிடுங்கள்.

பரிசோதனை

நீங்கள் வந்தால் நாங்கள் செய்யும் சோதனைகள் இவை: மூச்சை ஊதி அளக்கும் ஸ்பைரோமெட்ரி, தேவையானால் எக்ஸ்ரே, நச்சு வாயு ஐயத்துக்கு இரத்தப் பரிசோதனை.

ஒரு விண்ணப்பம்

வேறு வெப்பமூட்டும் வசதி இருக்குமானால் கணப்பை மூட்டாதீர்கள். அதுவே கதியென்றால், உலர்ந்த விறகையே வாங்கி, ஆண்டுதோறும் புகைபோக்கியைத் துப்புரவு செய்வித்து, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைக் கணப்புள்ள அறையில் பொருத்துங்கள். வாடகை வீடாயின், திட எரிபொருள் அடுப்புள்ள அறையில் அக்கருவியை வைப்பது 2015 முதல் வீட்டுக்காரரின் சட்டக் கடமை, கூச்சப்படாமல் கேளுங்கள். கட்டணச் சுமையை நான் அறியாதவன் அல்லன்; எனினும், குளிருக்கு இன்னொரு கம்பளி கிடைக்கும், பிள்ளைக்கு இன்னொரு நுரையீரல் கிடைக்காது. இருமல் இழுப்பாக மாறும்வரை காத்திராமல், முதல் வாரத்திலேயே வாருங்கள் என்று உங்களை இறைஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.