இல்லறப் புனிதரும் மக்கட்பேறும்

மாத்தளை மாவட்டத்திலே, கலேவெலைப் பகுதியில், வஹாகோட்டை என்றொரு கத்தோலிக்கக் கிராமம் உண்டு. கண்டி இராச்சியத்திற் குடியமர்ந்த போர்த்துக்கேயர் இந்நாட்டுப் பெண்களை மணந்து பெருகிய வழியினரே தாம் என்பது அவ்வூரார் பரம்பரையாகக் கூறிவரும் வரலாறு. 1658 இல் ஒல்லாந்தர் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினர். கோவாவிலிருந்து வந்த யோசேவாஸ் முனிவர் 1692 இல் கண்டியை அடையும்வரை, மலைநாட்டில் வேதத்தைப் பெரிதுங் காத்தவர்கள் இல்லறத்தாரே. தாய் தந்தையர் தம் மக்களுக்குச் செபஞ் சொல்லிக் கொடுத்திராவிடின், முனிவர் தேடிவந்த மந்தை அங்கே இருந்திராது.

வஹாகோட்டைத் திருத்தலம் அந்தோனியாருக்கு உரியது. அவர் துறவி, எனினும் அவர் சுரூபத்தின் கையிலே பாலன் யேசு வீற்றிருக்கின்றார். பிள்ளை வரம் வேண்டும் தம்பதிகள் அந்தோனியாரை நாடுவதில் வியப்பென்ன? ஆனால் அவ்வேக்கத்தைத் தாமே அனுபவித்த புனிதரும் கிறிஸ்தவ மரபில் உளர்.

லூக்காஸ் எழுதிய சுவிசேஷம் அத்தகைய ஒரு தம்பதியைக் கொண்டே தொடங்குகின்றது. சக்கரியாசும் எலிசபெத்தம்மாளும் கடவுள் முன் நீதிமான்களாய் நடந்தவர்கள் என்று முதலிற் கூறிவிட்டு, அதன் பின்னரே அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்கின்றார் லூக்காஸ். இந்த வரிசை கவனிக்கத் தக்கது. பிள்ளையின்மை பாவத்தின் கூலி என்று எண்ணிய மக்களிடையே, குற்றமற்றவர்களுக்கும் அது நேரும் என்பதை அவர் முதலிலேயே நிலைநாட்டி விடுகின்றார். முதுமையில் எலிசபெத்தம்மாள் கருவுற்றபோது, மனிதரிடையே தமக்கிருந்த நிந்தை நீங்கிற்று என்றே மகிழ்ந்தார்.

மரியன்னையின் பெற்றோரான சுவக்கீன், அன்னம்மாள் ஆகியோரின் கதை வேதாகமத்தில் இல்லை. இரண்டாம் நூற்றாண்டளவில் எழுதப்பட்ட யாக்கோபின் ஆதிச் சுவிசேஷம் என்னும் நூலிலிருந்து அது வழங்கிவருகின்றது. பிள்ளையில்லாதவன் காணிக்கை செலுத்த முற்படலாகாது என்று சுவக்கீன் தடுக்கப்படுகின்றார். மனம் நொந்து வனாந்தரம் சென்று நோன்பிருக்கின்றார். வீட்டிலோ அன்னம்மாளைப் பணிப்பெண்ணே இகழ்கின்றாள். தோட்டத்து மரத்திலே சிட்டுக்குருவியின் கூட்டைக் கண்டு, பறவைக்குள்ள பேறும் தமக்கில்லையே என்று அவர் அழுகின்றார். அவர்களுக்குக் கதவடைத்தவர் மனிதரே. வானதூதனோ இருவரிடமும் நற்செய்தியோடு வருகின்றான். மலடி என்ற சொல் நம் ஊர்களிலும் இன்னும் வழக்கொழியவில்லை. மங்கல காரியங்களில் ஒதுக்கி வைக்கப்படும் பெண்கள் இன்றும் உளர். தலவில அன்னம்மாள் ஆலயத்தில் முழந்தாளிடும் ஒருத்தி, தன்னைப்போல் இகழப்பட்ட ஒருத்தியிடமே பேசுகின்றாள்.

பிள்ளை பெற்றவர்களுக்கும் துயரம் இல்லாமலில்லை. பிரான்சு நாட்டு அலான்சோன் நகரில் 1858 இல் மணந்துகொண்ட லூயி மார்த்தனும் செலியும் ஒன்பது மக்களைப் பெற்று, நால்வரைச் சிறுபிராயத்திலேயே அடக்கஞ் செய்தனர். லூயி கடிகாரத் தொழிலர். செலி சரிகைப் பின்னல் வேலை நடத்திக் குடும்பத்துக்கு உழைத்தவர். எஞ்சிய ஐந்து புதல்வியரும் கன்னியராயினர். கடைசி மகளே லிசியே தெரேசம்மாள். 2015 இல் தம்பதிகளாக ஒரே வேளையில் புனிதர் பட்டம் பெற்றவர்கள் இவர்கள். அவ்வாறு பெற்ற முதல் தம்பதியும் இவர்களே. யோசேவாஸ் முனிவருக்கும் அதே ஆண்டில்தான், கொழும்பில், அப்பட்டம் அளிக்கப்பட்டது.

பிள்ளை உரிமையாகக் கோரத்தக்க பொருளன்று, அது கொடை என்பதே திருச்சபையின் போதனை. 1992 இல் வெளியான மறைக்கல்வி ஏடு, மருத்துவ வழிகளை நாடியும் மகப்பேறு எய்தாதோர் அநாதைக் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்க்கலாம் என்றும் கூறுகின்றது. தாம் பெறாத பிள்ளையைத் தச்சுத்தொழில் செய்து வளர்த்த சூசையப்பரை, யேசுவின் கைத்தாதை என்றே தமிழ்க் கிறிஸ்தவர் அழைப்பர். அவருடைய திருநாள் மார்ச் 19.