தெய்வமா, நோயா: திரையில் தோன்றிய ஆவிகள்

1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிச் சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘மர்மதேசம்: விடாது கருப்பு’, குற்றவாளிகளைத் தண்டிப்பது காவல் தெய்வமான கருப்பசாமியா, மனிதக் கையா என்ற விவாதத்தை எழுப்பியது. குதிரையேறி அரிவாளுடன் வரும் உருவத்தை ஊரார் தெய்வமென்று நம்ப, ஒரே மனத்துக்குள் வெவ்வேறு ஆளுமைகள் குடியிருக்கும் பிளவாளுமை என்னும் மனநோயைக் கதை ஒரு விளக்கமாக முன்வைத்தது.

அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடரான ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ (1993–1999) இதுபோன்ற கேள்வியை விண்வெளிக்குக் கொண்டு சென்றது. அதில் நெருப்புக் குகைகளில் சிறைப்பட்டு, பிறர் உடலில் புகுந்து ஆட்டுவிக்கும் ‘பா-ரெய்த்’களைப் பேஜோர் கோளின் மக்கள் தீய ஆவிகள் என்று அஞ்ச, அறிவியலாளர்களோ அவற்றை வேற்றுலக உயிர்களாகக் காண்கின்றனர். அறிவியல் விளக்கத்தையும் மக்களின் நம்பிக்கையையும் இழிவுபடுத்தாமல் எதிரெதிரே நிறுத்தி, முடிவைப் பார்வையாளரின் சிந்தனைக்கு விட்டதே இவ்விரு தொடர்களின் பெருமையாகும்.