மகிழுந்து மிகைப்பி – சப்வூஃபர் பொருத்தம்

மகிழுந்து மிகைப்பி – சப்வூஃபர் பொருத்தம் என்பது, வாகனத்தில் பொருத்தப்படும் ஆம்ப்ளிஃபையர் எனும் மிகைப்பியின் திறனையும், அதனுடன் இணைக்கப்படும் சப்வூஃபர்களின் மின்னெதிர்ப்பையும் தாங்குதிறனையும் ஒன்றுக்கொன்று இசைவாக அமைப்பதாகும். சப்வூஃபர் என்பது தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளை மட்டும் எழுப்பும் ஒலிபெருக்கி ஆகும். விலை குறைந்த மிகைப்பியுடன் இரண்டு சப்வூஃபர்களை இணைக்கும்போது இப்பொருத்தம் தவறினால் மிகைப்பி சூடேறிப் பழுதாகலாம். சப்வூஃபரின் கம்பிச்சுருள் கருகலாம். எனவே பெட்டியில் அச்சிடப்பட்ட வாட் அளவைக் காட்டிலும் ஓம் அளவே முதலில் நோக்கத்தக்கது.

மிகைப்பியின் தேவை

மகிழுந்தின் இயந்திரம் ஓடும்போது அதன் மின்சுற்றில் ஏறத்தாழ 14 வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். 14.4 வோல்ட்டை உயர்த்தாமல் அப்படியே பயன்படுத்தும் ஒலிக்கருவி, 4 ஓம் ஒலிபெருக்கிக்குத் தூய ஒலியாகக் கோட்பாட்டளவில் 26 வாட் வரையே வழங்க இயலும். சப்வூஃபர்களுக்கு இது போதாது. தனி மிகைப்பியினுள் மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று இருப்பதால் கூடுதல் திறன் கிடைக்கிறது.

இணைப்பு முறைகள்

ஓம் அளவு குறையும்போது மிகைப்பியிலிருந்து பாயும் மின்னோட்டம் கூடுகிறது. இதனால் ஒலித்திறன் உயரும், வெப்பமும் உயரும். இரண்டு சப்வூஃபர்களும் ஒரே வகையினவாக இருத்தல் வேண்டும். அவற்றை இணைக்கும்போது கிடைக்கும் மொத்த மின்னெதிர்ப்பு பின்வருமாறு:

- ஒற்றைச் சுருள் கொண்ட இரண்டு 4 ஓம் சப்வூஃபர்கள்: பக்க இணைப்பில் 2 ஓம், தொடரிணைப்பில் 8 ஓம்.
- இரட்டைச் சுருள் கொண்ட இரண்டு சப்வூஃபர்கள், ஒவ்வொரு சுருளும் 4 ஓம்: எல்லாச் சுருள்களும் பக்க இணைப்பில் 1 ஓம், ஒவ்வொன்றின் சுருள்களையும் தொடராக இணைத்து, பின் இரண்டையும் பக்கமாக இணைத்தால் 4 ஓம்.

விலை குறைந்த இருவழி மிகைப்பிகள் பலவற்றில் இரு வழிகளையும் ஒன்றாக்கும் பிரிட்ஜ் முறைக்குக் குறைந்தபட்சம் 4 ஓம் தேவை. அம்முறையில் ஒவ்வொரு வழியும் சுமையின் பாதியையே உணர்கிறது. ஆகவே 2 ஓம் இணைத்தால் ஒவ்வொரு வழிக்கும் 1 ஓம் போலாகி, பாதுகாப்புச் சுற்று மிகைப்பியை நிறுத்திவிடும் அல்லது மிகைப்பி பழுதாகும். இத்தகைய மிகைப்பிக்கு இரட்டைச் சுருள் சப்வூஃபர்களின் 4 ஓம் இணைப்பு ஏற்றது. ஒற்றைச் சுருள் 4 ஓம் சப்வூஃபர்களாயின் வழிக்கு ஒன்றாக இணைக்கலாம். ஒன்றின் முனைகள் மட்டும் மாறிவிட்டால் இரண்டின் ஒலியும் ஒன்றையொன்று குறைத்துவிடும்.

திறன் மதிப்பீடு

பெட்டியில் காணப்படும் பெரிய எண் பெரும்பாலும் கணநேர உச்சத் திறன் ஆகும். ஒப்பிடத்தக்கது ஆர்.எம்.எஸ். எனப்படும் தொடர்திறன். மிகைப்பியின் மின்னுருகியைக் கொண்டு இதனைத் தோராயமாக அறியலாம். 30 ஆம்பியர் மின்னுருகி, 14.4 வோல்ட் எனில் உட்கொள்ளும் திறன் ஏறத்தாழ 432 வாட். ஏபி வகை மிகைப்பி அதில் 60 விழுக்காட்டை ஒலித்திறனாக மாற்றினால் சுமார் 260 வாட். டி வகை 80 விழுக்காட்டை மாற்றினால் சுமார் 345 வாட். அதன்மேல் 1000 வாட் என அச்சிட்டிருந்தாலும் அதனைத் தொடர்ந்து வழங்க இயலாது.

சிறிய மிகைப்பியும் பெரிய சப்வூஃபரைக் கருக்கக்கூடும். எல்லைக்கு மேல் முடுக்கும்போது அலையின் முகடுகள் வெட்டப்பட்டுச் சதுர அலை போலாகின்றன. அதே உச்சம் கொண்ட சைன் அலையைவிடச் சதுர அலையின் திறன் இருமடங்கு. இதனால் சுருள் சூடேறுகிறது. இதனைத் தவிர்க்கக் கெயின் எனும் உள்ளீட்டுத் திருகை அளந்து அமைக்க வேண்டும். சப்வூஃபர்களைக் கழற்றிவிட்டு 50 ஏர்ட்சு ஒலியை இயக்கி, வெளியீட்டைப் பன்மானியால் அளக்கலாம். 4 ஓமில் 200 வாட் வழங்கும் மிகைப்பிக்கு 28 வோல்ட் எல்லையாகும்.

மின்வழங்கல்

மின்கலத்திற்கு மிக அருகிலேயே ஒரு மின்னுருகி அமைதல் வேண்டும். இல்லாவிடில் கம்பி வாகன உடலில் உரசிக் குறுஞ்சுற்று ஏற்படும்போது தீப்பற்றக்கூடும். 30 ஆம்பியர் மின்னோட்டத்தை 5 மீட்டர் தொலைவு கொண்டுசெல்ல 10 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி பொருந்தும். மின்னழுத்த இழப்பு 0.3 வோல்ட்டுக்கும் குறைவு. செம்பு பூசிய அலுமினியக் கம்பியில் இழப்பு மிகும்.

கனரகச் சரக்குந்துகளில் பொதுவாக 24 வோல்ட் அமைப்பு உள்ளது. 12 வோல்ட் மிகைப்பியை இரு மின்கலங்களுள் ஒன்றில் மட்டும் இணைத்தால் அது வலுவிழக்கும். மற்றது மிகையாக மின்னேறும். இதற்கு 24 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் கருவி தேவை.

மலைப்பாதைகளில் பயன்பாடு

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் வாழவந்தி நாடு முதலிய ஊர்கள் உள்ளன. காரவள்ளியிலிருந்து மலையேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. எதிரே வரும் வாகனம் கண்ணுக்குத் தெரியாத வளைவுகளில் அதன் ஒலிப்பானே எச்சரிக்கை. உரத்த தாழ்சுர ஒலி அதனை மறைத்துவிடக்கூடும். எனவே பொருத்தம் சரியாக இருப்பினும், இத்தகைய பாதைகளில் ஒலியளவைக் குறைத்தல் இன்றியமையாதது. சாலை அதிர்வால் தளரும் கம்பி முனைகளை அவ்வப்போது இறுக்குவதும் நன்று.