தூது வராமல் தண்டனை இல்லை, தெரியுமா?

பினாங்கு டத்தோ கிராமாட் சாலையில் தினமும் போய்வருகிறீர்களே, அந்தப் பெயருக்குள்ளேயே இஸ்லாமிய இறையியலின் பாடம் ஒன்று இருக்கிறது, தெரியுமா? இறைநேசர்களான வலிமார்களிடம் வெளிப்படும் அற்புதத்துக்குக் கராமத் என்று பெயர், அதுதான் இந்தக் கிராமாட். நபிமார்களிடம் வெளிப்படுவது முஃஜிஸாத். இரண்டுமே இறைவன் செயல்தான். ஆனால் முஃஜிஸாத் "நான் இறைவனின் தூதன்" என்ற அறிவிப்புக்குச் சான்றாக வருகிறது. அதைக் கண்டவர், கேட்டவர் தலையில் அந்த நொடியே பொறுப்பு ஏறிவிடுகிறது!

அப்படியானால் தூது வந்து சேராதவர்கள்? இங்கேதான் மலைத்துப்போவீர்கள். தூதரை அனுப்பாமல் எவரையும் தண்டிப்பதில்லை என்கிறது குர்ஆனின் பனீ இஸ்ராயீல் அத்தியாயம். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்று சொல்வதும் அதே வசனம்தான். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி இன்னும் ஒரு படி மேலே போனார். நபிகளாரின் பெயரையே கேள்விப்படாதவருக்கு மன்னிப்பு உண்டு. பொய்யும் புரட்டுமாகத் திரித்துச் சொல்லப்பட்டதை மட்டுமே கேட்டவருக்கும் உண்டு. சரியாகக் கேட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டவருக்குத்தான் இல்லை என்று பிரித்துக் காட்டினார். தொள்ளாயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்து இது!

இதில் கருத்து வேறுபாடும் உண்டு. தூது வந்தால்தான் கடமை என்பது அஷ்அரி வழி. தூது வராவிட்டாலும் படைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதை அறிவே கண்டுகொள்ள வேண்டும் என்பது மாதுரீதி வழி. மலாய்க்காரர்களும் மரைக்காயர்களும் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபு. அங்கே அஷ்அரி செல்வாக்கு. ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி, அங்கே மாதுரீதி. ஒரே ஊரில் தோளோடு தோள் சேர்ந்து தொழுகிறவர்களின் மரபுகளுக்குள் இவ்வளவு நுட்பமான ஒரு விவாதம்!

தூது வந்து சேர்ந்த இடத்திலும் விதிவிலக்கு உண்டு. மூன்று பேரை விட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்ற நபிமொழி தெரியுமா? விழிக்கும்வரை தூங்குகிறவர், பருவமடையும்வரை குழந்தை, தெளியும்வரை சித்தம் கலங்கியவர். இவர்கள் கணக்கில் பாவம் எழுதப்படாது.

கேள்வி மக்களுக்கு மட்டும்தான் என்று நினைத்தீர்களா? நபிமார்களும் விசாரிக்கப்படுவார்கள்! மறுமையில் நூஹ் நபியிடமே "எடுத்துச் சொன்னீரா?" என்று கேட்கப்படும், அவர் "சொன்னேன்" என்பார், அவருடைய சமூகமோ "எங்களிடம் எவரும் வரவில்லை" என்று மறுக்கும், சாட்சி அழைக்கப்படும். ஹிஜ்ரி 10இல், கி.பி. 632இல், இறுதி ஹஜ்ஜில் நபிகளார் திரண்டிருந்த மக்களைப் பார்த்து "நான் சேர்ப்பித்துவிட்டேனா?" என்று கேட்டு, அவர்கள் ஆமென்றதும் இறைவனைச் சாட்சியாக்கியது இதனால்தான். தூதரே தன் வேலைக்குக் கணக்குக் காட்டுகிறார் என்பது எவ்வளவு பெரிய நியாயம்! என்னைக் கேட்டால், இந்த நம்பிக்கையின் அழகெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

வியாபாரிகளே, இது உங்களுக்கு. எடை, அளவில் மோசடி செய்யாதீர்கள் என்றும் சொல்ல மத்யன் நகரத்துக்கு ஒரு நபி வந்தார், தெரியுமா? அவர் ஷுஐப் நபி. பினாங்குக் கடைகளில் டாச்சிங் கோலைத் தூக்கிப் பிடித்து, கட்டிக் கணக்கில் சரக்கை நிறுத்த காலம் ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? கோலில் வெட்டிய கோடுகளின் மேல் குண்டை நகர்த்தி நிறுப்பார்கள். சுண்டுவிரல் லேசாகப் பட்டாலும் எடை மாறிவிடும். அந்த விரல் அசைவுக்கும் மறுமையில் கேள்வி உண்டு!

எடுத்துச் சொல்வதென்றால் கேட்பவருக்குப் புரிய வேண்டுமே! ஒவ்வொரு தூதரும் தம் மக்களின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்கிறது குர்ஆன். நம் புலவர்கள் அந்த வழியிலேயே நடந்தார்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்டது. அதன் மூன்று காண்டங்களில் நடுக்காண்டத்தின் பெயரே நுபுவ்வத்துக் காண்டம், அதாவது நபித்துவக் காண்டம்! அதற்கும் முன்பே, 1572இல், வண்ணப் பரிமளப் புலவர் 'ஆயிர மசலா' பாடினார். அதிசய புராணம் என்றும் அதைச் சொல்வார்கள். அப்துல்லா இப்னு ஸலாம் என்ற யூத அறிஞர் நபிகளாரிடம் ஆயிரம் கேள்வி கேட்பார்: படைப்பு, தூதர்கள், சொர்க்கம், நரகம், தீர்ப்பு நாள் என்று. சரியான பதில் வந்தால்தான் ஏற்பேன் என்று வருகிறவரை எவரும் விரட்டவில்லை. கேள்வி முடியும்வரை பதில் வருகிறது! முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமியக் காப்பியங்களில் இதுவே மூத்தது.

இந்தக் கேள்வித்தொகுப்பின் அரபி வடிவம் 1143இல் லத்தீனுக்குப் போயிருக்கிறது. மலாயில் 'ஸெரிபு மஸாலா', சாவக மொழியிலும் தனி வடிவங்கள். அரபியில் ஊற்றெடுத்த ஒரே கேள்வித்தொகுப்பைத் தமிழ் முஸ்லிமும் மலாய் முஸ்லிமும் அவரவர் தாய்மொழியில் படித்திருக்கிறார்கள்! 19ஆம் நூற்றாண்டில் நாகூர் குலாம் காதிறு நாவலர் பினாங்குக்கே வந்து 'வித்தியா விசாரிணி' என்ற தமிழ்ப் பத்திரிகை நடத்தினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பாடாங் பிரவுனில் பசெம்பூர் சாப்பிட உட்காரும்போது, பக்கத்து மேசை மலாய் நண்பரிடம் ஸெரிபு மஸாலாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்!