பழனிக்கு நடந்தால் போதுமா?

தைப்பூசம் நெருங்கும் நாட்களில் திண்டுக்கல் சாலைகளைப் பார்த்திருக்கிறீர்களா? தோளில் காவடி, தலையில் மூட்டை. சாரி சாரியாக மக்கள் பழனியை நோக்கி நடந்து செல்வார்கள். திண்டுக்கல்லிலிருந்து பழனி சுமார் 60 கிலோமீட்டர். ஆண்டு முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கூட அன்று அசராமல் நடந்துவிடுகிறார்.

ஊர் திரும்பியதும், "இந்த வருடத்துக்கு இது போதும்" என்று அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டால்? அவருடைய தசைகள் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஏன் தெரியுமா?

பூட்டும் சாவியும்

நாம் உண்ணும் சோறும் இட்லியும் செரித்து, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கின்றன. அது தசைச் செல்லுக்குள் நுழைய வேண்டும். ஆனால் செல்லின் கதவு பூட்டியிருக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின்தான் சாவி. திண்டுக்கல் பூட்டானாலும் துருப்பிடித்தால் சாவி எளிதில் திரும்பாது அல்லவா? அதுபோல, இன்சுலினுக்குச் செல்கள் சரிவர இணங்காமல் போவதுண்டு. அப்போது கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அதற்கும் ஈடுகொடுக்க முடியாதபோது சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. இதுவே இரண்டாம் வகை நீரிழிவு. நாளடைவில் இது கண், சிறுநீரகம், இதயம், நரம்பு ஆகியவற்றைப் பாதிக்கும்.

இங்கேதான் ஒரு வியப்பு! வேலை செய்யும் தசை, சாவிக்காகக் காத்திருப்பதில்லை. அது சுருங்கி விரியும்போது, சர்க்கரையை உள்ளே கொண்டுவரும் புரதங்கள் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. கதவு உள்ளிருந்தே திறந்துகொள்கிறது! நடை முடிந்த பிறகும் ஓரிரு நாட்களுக்குத் தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்கும். பிறகு பழைய நிலைதான். ஆண்டுக்கு ஒரு முறை நடந்தால் போதாது என்பதற்குக் காரணம் இதுவே.

சென்னையில் ஓர் ஆய்வு

அன்றாட நடையால் நோயைத் தடுக்க முடியுமா? டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் இதை ஆராய்ந்து, 2006-ல் முடிவை வெளியிட்டனர். நீரிழிவுக்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இரண்டாம் பிரிவினர் உணவைச் சீர்படுத்தி, தினமும் 30 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும். மூன்றாம் பிரிவினருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காம் பிரிவினருக்கு இரண்டும்.

மூன்று ஆண்டுகளில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயாளிகள் ஆயினர். இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 39 பேரே! மாத்திரைப் பிரிவிலும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டையும் சேர்த்தும் கூடுதல் பலன் இல்லை.

நடை மந்திரமல்ல, நடந்தவர்களிலும் 39 பேருக்கு நோய் வந்தது. ஆனால் நூற்றுக்கு 16 பேர் அந்த மூன்றாண்டுகளில் தப்பினர். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. அப்படியானால் அந்த 16 எவ்வளவு பெரிய எண்!

நீங்களும் கணக்கெடுங்கள்

உங்கள் வயதினர் தினமும் சராசரி 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு நாளில் எத்தனை நிமிடம் நடக்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். நீரிழிவு உள்ள தாத்தாவோ பாட்டியோ இருந்தால் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டு, மாலையில் கைபிடித்து நடக்க அழைத்துச் செல்லுங்கள். உங்கள் தசைக்கும் அது நல்லதுதானே!