விழுந்து எழுந்தால்தான் நடை வரும்

ஓரகடத்தில் வாகனங்களைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையமும் ஓட்டப் பாதைகளும் இருக்கின்றன. எந்த வளைவிலும் குடை சாயாத வண்டிக்குத்தான் அங்கே நல்ல பெயர். ஆனால் அந்த வட்டாரத்து ஆலைத் தொழிலாளர்களின் வீடுகளில் நடக்கும் இன்னொரு பயிற்சி இதற்கு நேர்மாறானது. குழந்தை நடை பழகுவதுதான் அது. அதில் விழுவதும் ஒரு பாடம்!

மணிக்கு 17 தரம்!

நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காரன் அடால்ஃப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 12 முதல் 19 மாதம் வரையுள்ள குழந்தைகளின் நடையை எண்ணிப் பார்த்தார்கள். 2012-இல் முடிவு வெளியாயிற்று. தன்னிச்சையாக விளையாடும் குழந்தை மணிக்குச் சராசரியாக 2,368 அடி எடுத்து வைக்கிறது. 17 தரம் விழுகிறது!

ஏன் இப்படி விழுகிறது? பெரியவர்களுக்குத் தலை உடல் நீளத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தைக்கோ நாலில் ஒரு பங்கு. தலைப்பாரம் மிகுந்த அந்த உடலைச் சின்னஞ்சிறு பாதங்கள் தாங்க வேண்டும். அதனால்தான் குழந்தை காலை அகட்டி, கையை உயர்த்திக்கொண்டு, பாதம் முழுவதையும் தொப்பென்று வைத்து நடக்கிறது. சில மாதங்களில் கை இறங்குகிறது, கால்கள் நெருங்குகின்றன, முதலில் குதிகாலை ஊன்றும் வழக்கம் வருகிறது.

கண்ணை நம்பும் பருவம்

உடல் சாயாமல் நிற்பதற்கு மூன்று சாட்சிகள் வேண்டும்: கண், உட்காது, தசை மூட்டுகளின் உணர்ச்சி. நடை பழகும் குழந்தை கண்ணையே பெரிதும் நம்புகிறது. டேவிட் லீயும் எரிக் அரான்சனும் 1974-இல் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார்கள். தரை அசையவில்லை, அறையின் சுவர்களை மட்டும் நகர்த்தினார்கள். நின்றுகொண்டிருந்த குழந்தைகள் தள்ளாடின, சில விழுந்தேவிட்டன!

மூன்று சாட்சிகளும் ஒத்துப் பேசுவதற்கு ஏழு வயதுக்கு மேலும் ஆகிறது. இரண்டு வயதில் ஓட்டம். மூன்றில் மாற்றி மாற்றிக் கால் வைத்துப் படியேறுதல். நாலில் ஒற்றைக் காலில் தாவுதல். தெருவில் ஆடும் நொண்டியும் பாண்டியும் வெறும் விளையாட்டல்ல. சமநிலைக்கு அவையே பள்ளிக்கூடம்.

பக்கத்து வீட்டுக் குழந்தை

"அவள் பிள்ளை பத்து மாதத்திலேயே நடந்துவிட்டதே!" என்று ஏங்கும் தாய்மார் அநேகர். உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைக் கவனித்து 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்படி, தானாக நடக்கும் வயது 8 மாதம் முதல் 17½ மாதம் வரை எங்கும் இருக்கலாம். சுமார் 4 சதவீதக் குழந்தைகள் தவழாமலே நடந்துவிட்டன!

கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடுவதைச் செங்கீரை என்றும், தளர்நடை போட்டு வருவதை வருகை என்றும் பருவம் பிரித்தார்கள் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள். அந்த வரிசை பொது. தேதி மட்டும் குழந்தைக்குக் குழந்தை வேறு.

உருளை வண்டி தேவையா?

ஷிப்டு முடிந்து வரும் தாய்க்குச் சமையல் காத்திருக்கிறது. ஒரே அறை, அதற்குள்தான் அடுப்பும் தண்ணீர் வாளியும். குழந்தையைச் சக்கரம் வைத்த வட்ட வாக்கரில் உட்கார்த்தி வைப்பது சௌகரியமாகவே தோன்றும். ஆனால் அந்த இருக்கை குழந்தையின் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்கிறது. விழவும் வழியில்லை, சமாளித்து நிற்கவும் வழியில்லை. வாக்கரில் இருந்த குழந்தைகள் நடக்கத் தாமதித்தன என்று 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி காட்டியது. அடுப்பை நோக்கியோ படிக்கட்டை நோக்கியோ கண்மூடித் திறப்பதற்குள் உருண்டுவிடும் ஆபத்து வேறு. கானடா 2004-இல் இதன் விற்பனைக்கே தடை போட்டது. பாட்டி காலத்து மர நடைவண்டி அப்படியல்ல. குழந்தை தன் காலில் நின்று தள்ளுவது அது. ஆனாலும் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

நடை பழக வேண்டியது சமதரை, வெறுங்கால், கவனிக்க ஓர் ஆள். ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. காப்பகம் வெறும் தூங்கும் இடமாக இல்லாமல், தவழ்ந்து விழுந்து எழும் இடமாகவும் இருந்தால்தான் அந்தச் சட்டத்தின் பலன் குழந்தைக்குக் கிட்டும்.

ஒன்பது மாதம் கடந்தும் தானாக உட்காராத குழந்தையையும், பதினெட்டு மாதமாகியும் நடக்காத குழந்தையையும், ஒரு பக்கமாகவே காலை இழுக்கும் குழந்தையையும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். மற்றக் குழந்தைகள் விழட்டும். பதறி ஓடிப்போய் ஒவ்வொரு தரமும் தூக்க வேண்டியதில்லை. எழுந்திருக்க அவற்றுக்கே தெரியும்.