யாரை எந்த இருக்கையில் அமர்த்துவது?

ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிருடன் இருப்பதை மெய்ப்பிக்கும் வாழ்நாள் சான்றிதழை ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய மாதம் நவம்பர். ஓய்வு பெற்றோர் பலர் வாழும் மைசூருவில், அம்மாதம் முழுவதும் கிளையின் கதவு திறக்கும் முன்பே வரிசை தெருவை எட்டிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு நவம்பரில் எங்கள் கிளையில் நாங்கள் ஒரு பிழை செய்தோம்.

அவ்வாண்டு நடந்த பயிற்சி ஒன்றில், ஆளுமை வகையைக் கண்டறியும் வினாத்தாள் ஒன்று எங்கள் ஊழியர்களுக்குத் தரப்பட்டது. ஓய்வூதியக் கவுண்டரில் இருந்த பெண் ஊழியர் 'அகமுகர்' என்று முடிவு வந்தது. மிகுதியாகப் பேசாதவர், மதிய உணவைக்கூடப் பெரும்பாலும் தனியாகவே உண்பவர். ஆகவே அம்முடிவு எவரையும் வியப்பில் ஆழ்த்தவில்லை. கடன் பிரிவில் கோப்புகளுக்கிடையே அமர்ந்திருந்த இளைஞரோ 'புறமுகர்'. வாயிற்காவலர் முதல் வட்டார அலுவலகத்தினர் வரை அனைவரோடும் உரையாடுபவர். பேசுபவர் மக்களிடமும் பேசாதவர் காகிதங்களிடமும் இருப்பதே முறை என்று கருதி, இருவரையும் இடம் மாற்றினோம். அறிவியல் முறைப்படி ஒரு செயலைச் செய்துவிட்ட நிறைவும் எங்களுக்கு இருந்தது.

இரண்டாம் வாரத்தில் முறையீடுகள் தொடங்கின. 2014 முதல் ஜீவன் பிரமாண் என்னும் மின்னணு முறையில் விரல் ரேகையைப் பதிந்தே சான்றிதழை அளித்துவிடலாம். ஆனால் எழுபது, எண்பது வயது விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். கருவி அதை எளிதில் ஏற்பதில்லை. விரலைத் துடைக்க வேண்டும். வேறொரு விரலை வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் இயலாவிடில் கைப்பேசியின் முன் முகத்தைக் காட்டிப் பதிய வேண்டும். அதற்கும் வழியில்லையெனில் காகிதப் படிவம் இருக்கிறது. இவ்வளவும் முடியப் பல நிமிடங்கள் ஆகும். புதிதாக வந்த இளைஞர் இன்முகத்தோடு நலம் விசாரித்தார். ஆனால் இரண்டு முறை கருவி மறுத்ததும் "நாளைக்கு வாங்க தாத்தா" என்று அனுப்பிவிட்டார். வரிசை நீளமாக இருந்தது. அவரை மட்டும் குறை கூறுவதற்கில்லை.

அவ்வாறு மும்முறை திரும்பிச் சென்ற முதியவர் ஒருவருக்கு டிசம்பர் மாத ஓய்வூதியம் வரவு வைக்கப்படவில்லை. ஜனவரி முதல் வாரத்தில் மேலாளர் அறைக்கு வந்தார். மருந்துக் கடையில் கடன் சொல்ல நேர்ந்ததைக் கூறியபோதும் அவர் குரல் உயரவில்லை. "இங்கே இருந்த அந்தப் பொண்ணை எங்கே சார் மாத்திட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் நம்பிய அந்த அகமுகர், புறமுகர் என்ற பெயர்கள் எங்கிருந்து வந்தன? சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட 'உளவியல் வகைகள்' என்னும் நூலே இவற்றை உலகெங்கும் பரப்பியது. 1937 இறுதியில் இந்தியா வந்த அவர், மைசூர் மகாராஜாவின் விருந்தினராகச் சில காலம் தங்கி, மகாராஜாவின் குருவாக விளங்கிய சுப்பிரமணிய ஐயருடன் நீண்ட உரையாடல்கள் நடத்தினார் என்பது நம்மூருக்குப் பெருமை. ஒவ்வொரு மனிதரிடமும் இவ்விரு போக்குகளும் உண்டு, ஒன்று சற்று மேலோங்கி நிற்கும், அவ்வளவே என்பதுதான் யுங்கின் கருத்து. முதற்பார்வையிலேயே மனிதர்மீது ஒட்டும் சீட்டுகளாகத் தம் வகைகளைப் பயன்படுத்துவதை அவரே கண்டித்தார்.

சீட்டு ஒட்டும் பழக்கம் பின்னர் வந்தது. அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்னும் தாயும் மகளும் யுங்கின் கருத்தை அடிப்படையாகக் கொண்டு 16 வகைகள் கொண்ட வினாத்தாளை உருவாக்கினர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முதன்முறையாக வேலைக்குச் சென்ற பெண்கள் தமக்கு ஏற்ற பணியைத் தேர்ந்துகொள்ள உதவுவது அவர்கள் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆயினும் அதே வினாத்தாளைச் சில வாரங்கள் கழித்து மீண்டும் நிரப்பினால் பலருக்கு வேறு வகை வருகிறது. இக்கால உளவியலாளர் பெரும்பாலும் வகைகளை விடுத்து, ஐந்து பண்புகளை அளவுகோலின்மீது வைத்தே பார்க்கின்றனர். எவரும் ஒரு பெட்டிக்குள் இல்லை. அளவுகோலின் ஏதோ ஓரிடத்தில் இருக்கிறார்.

மைசூருக்கு இது புதிய பாடமன்று. கொல்கத்தாவுக்கு அடுத்தபடியாக 1924இலேயே உளவியல் துறை கண்டது மைசூர்ப் பல்கலைக்கழகம். அத்துறையை வளர்த்த பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமிதான் 1935இல் தம் இல்லத்திலேயே வானொலி நிலையம் அமைத்து, அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயரிட்டவர். ஆய்வுக்கூடத்தில் அமைதியாக அளவெடுத்தவரும் அவரே. ஊர் முழுதும் கேட்க ஒலிபரப்பியவரும் அவரே. அவருக்கு எந்தச் சீட்டை ஒட்டுவது?

எங்கள் கிளைக்கு வருவோம். அப்பெண் ஊழியர் மீண்டும் கவுண்டருக்கு வந்தார். அவர் பேசாதவர்தான், ஆனால் கேட்பவர். காது மந்தமான முதியவர் ஒரே செய்தியை மூன்றாம் முறை சொல்லும்போதும் முகம் சுளிக்காதவர். இதை எந்த வினாத்தாளும் கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். இளைஞரைக் கடன் பிரிவுக்கே திருப்பி அனுப்பியபோது மற்றொன்றையும் உணர்ந்தோம். தவணை தவறியோரிடம் மனம் நோகாமல் தொலைபேசியில் பேசி நினைவூட்டியவர் அவரே. அவர் இல்லாத வாரங்களில் அவ்வேலை நின்றே போயிருந்தது. 'காகித வேலை' என்று நாங்கள் எண்ணிய இருக்கையில் பாதி வேலை பேச்சாகவே இருந்திருக்கிறது.

வங்கியின் பழைய நடைமுறைகளுக்கு இவ்வறிவு முன்பே இருந்தது என்று தோன்றுகிறது. பணப் பெட்டகத்தை ஒருவர் மட்டும் திறக்க இயலாது. இரு சாவிகள் இருவரிடம் இருக்கும். கணினியில் ஒருவர் பதிந்ததை மற்றொருவர் சரிபார்த்த பின்னரே பணம் நகரும். மோசடியைத் தடுப்பதற்கென ஏற்பட்ட முறைகளே இவை. எனினும் விரைந்து முடிப்பவரையும் ஐயப்பட்டு நிற்பவரையும் ஒரே வேலையில் இணைப்பதும் இவைதாம்.

ஊதுவத்திப் பட்டறையோ, பட்டுப்புடவைக் கடையோ, ஐந்தாறு பேரை வைத்துத் தொழில் நடத்தும் வாடிக்கையாளர்கள் நமக்குப் பலர். வினாத்தாள் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஊழியரோடு பேச்சைத் தொடங்க அது உதவும். இடமாற்றத்தை மட்டும் அதைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். உங்கள் கடைக்கு வருவோர் யாரைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள், யார் விடுப்பில் சென்றால் எந்த வேலை நிற்கிறது என்று ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள். மாற்றினாலும், திரும்பி வரலாம் என்று முன்கூட்டியே சொல்லி மாற்றுங்கள். நாங்கள் அதைச் சொல்லவில்லை. 'உனக்கு மக்களோடு பழக வராது' என்று கேட்டதாகவே அப்பெண் ஊழியர் புரிந்துகொண்டிருந்தார். அதைச் சரிசெய்ய இருக்கையைத் திருப்பித் தந்தது மட்டும் போதவில்லை; நெடுநாள் ஆயிற்று.

அடுத்த நவம்பரில் இளைஞர் காலை ஒரு மணி நேரம் வரிசையின் ஓரமாக நடந்து, ஆதார், கைப்பேசி எண், ஓய்வூதிய ஆணை எண் ஆகியவற்றைச் சரிபார்த்து ஒவ்வொருவரையும் உள்ளே அனுப்பினார். அந்த முதியவரும் வந்தார். கவுண்டரில் அவருடைய நான்காவது விரலைக் கருவி ஏற்றுக்கொண்டது.